காலா, அரையா?



ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் பக்கத்தில் ஏதாவது ஒரு பால்கோவா கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். “பால்கோவா இருக்கா அண்ணாச்சி?” என்று ஒருவர் கேட்பார். தட்டு நிறையக் கண்ணெதிரே இருக்கிறது, இருந்தும் கேட்கிறார். அண்ணாச்சியும் “இருக்கு” என்பதில்லை. “காலா, அரையா?” என்றபடி தராசில் கை வைத்துவிடுகிறார். இருவரும் கேட்டது கேள்விதான். வியாபாரம் முடிந்துவிட்டது!

வாங்கிக்கொள்வதற்காகக் கேட்பது கொளல் வினா, கொடுப்பதற்காகக் கேட்பது கொடை வினா, வேலை ஏவுவதற்காகக் கேட்பது ஏவல் வினா. இவை தமிழ் இலக்கண நூலான நன்னூலில் பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே வகுத்து வைத்தவை. பள்ளியில் வினா ஆறு, விடை எட்டு என்று மார்க்குக்காக நெட்டுருப் போட்டோம். கேட்பவர் மனதில் இருப்பதை வைத்துக் கேள்வியைப் பிரித்தது எவ்வளவு பெரிய காரியம் என்று வகுப்பில் சொல்லியிருக்கலாம். பேசுவதே ஒரு செயல் என்று ஆக்ஸ்போர்டு தத்துவப் பேராசிரியர் ஆஸ்டின் ஹார்வர்டில் உரையாற்றியது 1955இல். ‘பிராக்மாடிக்ஸ்’ என்று மொழியியலில் இன்று படிக்கும் துறைக்கு அது ஒரு முக்கியமான தொடக்கம்.

விடைகள்தான் எனக்கு இன்னும் பிடிக்கும். ராஜபாளையத்தில் ஒரு மில் தொழிலாளியிடம், “மாப்ள, ராத்திரி படத்துக்கு வர்றியா?” என்று கேட்கிறார்கள். “இந்த வாரம் நைட் ஷிப்ட்டு” என்கிறார். வரமாட்டேன் என்று அவர் சொல்லவே இல்லை. ஆனாலும் யாரும் மறுபடி கேட்பதில்லை. அதையே “ஏன் கண்ணு செவந்திருக்கு?” என்று கேட்டவரிடம் சொன்னால் பொருளே வேறு. எட்டு விடைகளில் மூன்று நேரே சொல்பவை. மற்ற ஐந்தும் சுற்றிச் சொன்னாலும் பொருளைத் தந்துவிடுவதால் அவையும் விடையே என்கிறது நன்னூல். கேட்பவர் அந்தப் பொருளை எப்படி எட்டுகிறார் என்று 1967இல் ஆராய்ந்தவர் தத்துவ அறிஞர் கிரைஸ். எதிரில் இருப்பவர் சம்பந்தமில்லாமல் பேசமாட்டார் என்ற நம்பிக்கையே அதற்கு ஆதாரம் என்றார்.

உங்கள் வீட்டிலும் கடைத்தெருவிலும் இப்படிச் சுற்றிச் சொல்லும் பேச்சுகளை எங்களுக்கு எழுதுங்கள். வீட்டில் தெலுங்கும் வெளியே தமிழும் பேசும் ராஜபாளையத்து வாசகர்கள் இரண்டு மொழியிலிருந்தும் அனுப்ப வேண்டும். யார், யாரிடம், எந்த நேரத்தில் சொன்னது என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்