டேப்களைச் சமாளிக்க எக்ஸ்டன்ஷன் தேவைதானா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி இன்டர்நெட் பார்க்கத் தொடங்கியவர்கள் ஒரு மாதத்திற்குள் சந்திக்கும் பிரச்னை இது. பிரவுசரில் ஒன்றன்பின் ஒன்றாக டேப்களைத் திறந்துகொண்டே போவோம். இருபதைத் தாண்டியதும் தலைப்புகள் சுருங்கி, சின்னச் சின்ன ஐகான்கள் மட்டுமே தெரியும். எது எந்தத் தளம் என்று புரியாது. ஒவ்வொரு டேபும் மெமரியில் தனி இடம் பிடிப்பதால், 4 ஜிபி ராம் உள்ள கம்ப்யூட்டர் என்றால் திணறத் தொடங்கிவிடும்.

எங்கள் வாலாஜாபேட்டையில் வீட்டிலிருந்தபடியே ராணிப்பேட்டை தோல் கம்பெனி ஒன்றின் கணக்கைப் பார்த்துத் தரும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி தளம் ஒரு டேபில், இ-வே பில் இன்னொன்றில், பேங்க் கணக்கு, ஜிமெயில், நடுவில் மகளின் இன்ஜினியரிங் கவுன்சலிங் தளம். இவர் புலம்பினால், "ஒரு எக்ஸ்டன்ஷன் போடுங்க சார், இலவசம்தான்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். உடனே போட வேண்டாம் என்பது என் கருத்து.

எக்ஸ்டன்ஷன்களால் பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒன்டேப் என்று ஒன்று இருக்கிறது. அதன் ஐகானில் கிளிக் செய்தால் திறந்திருக்கும் டேப்கள் எல்லாம் மூடப்பட்டு, ஒரே பக்கத்தில் பட்டியலாக வந்துவிடும். வேண்டியதைக் கிளிக் செய்து மீண்டும் திறக்கலாம். 95 சதவீதம் வரை மெமரி மிச்சம் என்கிறார்கள் அதைத் தயாரித்தவர்கள். ஆனால் பாதி நிரப்பிய படிவம் உள்ள டேபை இப்படி மூடினால், நிரப்பியது போனதுதான்.

என் கவலை வேறு. கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டன்ஷனை 20 லட்சம் பேருக்கு மேல் பயன்படுத்தி வந்தார்கள். பார்க்காமல் விட்ட டேப்களை அது தூங்க வைத்து மெமரியை மிச்சப்படுத்தும். நல்ல புரோகிராம்தான். 2020-ன் நடுவில் அதை எழுதியவர், யாரென்று வெளியே தெரியாத ஒருவரிடம் அதை ஒப்படைத்துவிட்டார். பெயரும் ஐகானும் மாறவில்லை. அடுத்து வந்த அப்டேட்டில், வெளி சர்வரிலிருந்து புரோகிராம் வரிகளை இழுத்து வந்து இயக்கும் வசதி புகுத்தப்பட்டிருந்தது. 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கானது என்று அறிவித்து, எல்லோருடைய குரோமிலும் முடக்கியது. தூங்க வைத்திருந்த டேப்களும் அதோடு போயின. பலர் ஹிஸ்டரியைத் துழாவி அவற்றை மீட்க வேண்டியிருந்தது.

இது எப்படி நடக்கிறது? நீங்கள் படிவத்தில் எதையாவது டைப் செய்திருக்கிறீர்களா என்று தெரிந்தால்தானே ஒரு டேபைத் தூங்க வைக்கலாம்? அதற்கு அந்தப் பக்கத்திற்குள் பார்க்க வேண்டும். எனவே, எல்லாத் தளங்களிலும் உள்ள தகவல்களைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். நாமும் படிக்காமலேயே சம்மதித்துவிடுவோம். பேங்க் பக்கமும் அதில் அடக்கம். அப்டேட்கள் நம்மைக் கேட்காமலேயே வந்து சேரும். புதிய அனுமதி தேவைப்பட்டால்தான் பிரவுசர் நம்மிடம் கேட்கும். பெரிய அனுமதியை முதலிலேயே கொடுத்துவிட்டால் பிறகு கேட்க என்ன இருக்கிறது? நானும் சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன்தான். இலவசமாக எழுதித் தருபவர் ஒருநாள் களைத்துப்போய்க் கைமாற்றிவிட்டால் அவரைத் திட்ட எனக்கு மனம் வராது. வாங்குகிறவர் எதற்காக வாங்குகிறார் என்பதுதான் கேள்வி.

இதற்கெல்லாம் இன்று தேவையும் குறைந்துவிட்டது. குரோமில் டேபின் மீது ரைட் கிளிக் செய்து, டேப்களைக் குரூப்பாகச் சேர்த்து, பெயரும் நிறமும் கொடுக்கலாம். அலுவலகம் ஒரு நிறம், வீடு ஒரு நிறம். கண்ட்ரோல், ஷிப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால், திறந்துள்ள டேப்களில் தேடலாம். செட்டிங்ஸில் பெர்பார்மன்ஸ் பிரிவில் உள்ள மெமரி சேவரை இயக்கினால், தூங்க வைக்கும் வேலையைக் குரோமே செய்யும். பாதி நிரப்பிய படிவங்களைத் தூங்க வைக்காமல் விட்டுவிடும். விண்டோஸுடன் வரும் எட்ஜிலும் 2021 முதல் இந்த வசதி உண்டு. டேப்களை இடப்பக்கம் செங்குத்தாக அடுக்கி, தலைப்பை முழுதாகப் படிக்கவும் அதில் முடியும். பயர்பாக்ஸிலும் 2025 முதல் டேப் குரூப் வந்துவிட்டது.

நம் சென்னை ஸோஹோ நிறுவனம் 2023-ல் வெளியிட்ட உலா பிரவுசரையும் பார்க்கலாம். அலுவலக வேலை, சொந்த வேலை, குழந்தைகள் என்று தனித்தனி மோடுகள் அதில் உண்டு. கணக்கு வேலையும் வீட்டு வேலையும் ஒரே கம்ப்யூட்டரில் செய்பவர்களுக்கு நிறக் குரூப்பைவிட இந்தப் பிரிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்படியும் எக்ஸ்டன்ஷன்தான் வேண்டும் என்றால் போடுங்கள். குரோமின் எக்ஸ்டன்ஷன்ஸ் பக்கத்தில் அதன் டீடெய்ல்ஸ் பட்டனை அழுத்தினால், தளங்களைப் பார்க்கும் அனுமதி எவ்வளவு என்று தெரியும். "எல்லாத் தளங்களும்" என்றிருந்தால், "கிளிக் செய்யும்போது மட்டும்" என்று மாற்றிப் பாருங்கள். வேலை நடந்தால் அப்படியே விடலாம். நடக்கவில்லை என்றால், பேங்க் வேலைக்கு எக்ஸ்டன்ஷன் எதுவும் போடாத வேறொரு பிரவுசரை வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்திற்குப் போனதும், எப்போதோ போட்டு மறந்துபோன நாலைந்து எக்ஸ்டன்ஷன்கள் கண்ணில் படலாம். அவற்றை அன்றைக்கே நீக்கிவிடுங்கள்.