அருங்காட்சியகம் வேடிக்கை பார்க்கும் இடமா?

மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் ராயபுரத்தின் ஒவ்வொரு வீட்டிலும் எழும் கேள்வி ஒன்றுதான்: ‘அடுத்து என்ன?’ பெற்றோருக்கு விடை தெரியாது. பிள்ளைக்கும் தெரியாது. ‘டாக்டர், இன்ஜினியர்’ என்று வாய் சொல்லும். அது கைகூடாதென்று தோன்றினால் மறுவாரமே பையன் பனியன் கம்பெனியில் கை மடிக்கப் போய்விடுவான், அல்லது அத்தாவின் கடைக் கல்லாவில் உட்கார்ந்துவிடுவான். பெண் பிள்ளையாக இருந்தால் கேள்வியே எழாமல் போகும் வீடுகளும் உண்டு.

டாக்டருக்கும் டெய்லருக்கும் நடுவே நூற்றுக்கணக்கான தொழில்கள் இருக்கின்றன. அவற்றை நம் பிள்ளைகள் கண்ணால் கண்டதில்லை. காணாத தொழிலுக்கு எப்படி ஆசைப்படுவார்கள்? ஆசை இல்லாத இடத்தில் முயற்சி எங்கிருந்து வரும்?

2006ல் வெளியான சச்சார் குழு அறிக்கையை நாம் மேடைதோறும் பேசியிருக்கிறோம். 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நால்வரில் ஒருவர் பள்ளிக்கே போகாதவர், அல்லது பாதியில் நின்றவர் என்றது அந்த அறிக்கை. வறுமை இதற்குப் பெரிய காரணம் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் வறுமை மட்டும்தானா? படித்தால் இன்னது ஆகலாம் என்று எவரும் காட்டாததும் ஒரு காரணம் இல்லையா?

தையல் மெஷினில் உட்கார்ந்து உழைப்பதை யாரும் இழிவாக எண்ண வேண்டாம். இந்த ஊரே அந்த உழைப்பில்தான் நிற்கிறது. திருப்பூரின் முதல் பின்னலாடைத் தொழிற்கூடமான பேபி நிட்டிங் இண்டஸ்ட்ரீஸை 1925ல் தொடங்கியவர் குலாம் காதர் என்பது வரலாறு. அன்று ஊருக்குப் புதிதாக இருந்த தொழில் இன்று இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் சுமக்கிறது. அப்படியொரு தொடக்கத்தைக் கண்ட சமுதாயத்தின் பேரப் பிள்ளைகள் அதே தொழிலின் எந்தப் படியில் நிற்கிறார்கள்? கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்ற வட்டத்தைத் தாண்டி எத்தனை பேர் போயிருக்கிறார்கள்? நெஞ்சில் கை வைத்துச் சொல்வோம்.

மாறிவிட்ட தொழில்

தொழிலோ நின்ற இடத்தில் நிற்கவில்லை. நொய்யல் மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது ஊரே ஸ்தம்பித்தது நினைவிருக்கும். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாமல் சுத்திகரித்தால்தான் பட்டறை ஓடலாம் என்ற நிலை வந்தது. அன்றிலிருந்து சாயத் தொழிலுக்கு வேதியியல் படித்தவர் வேண்டும். சுற்றுச்சூழல் பொறியாளர் வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர்கள் தடுமாறின. உலக வணிகச் சட்டம் தெரிந்தவர், வேறு நாட்டுச் சந்தையை அறிந்தவர், அந்நாட்டு மொழி பேசுபவர் எவ்வளவு அவசியம் என்பதை நம் வியாபாரிகள் அன்று நேரிலேயே உணர்ந்தார்கள்.

ஒரு பனியனுக்குப் பின்னால் பருத்தி ஆராய்ச்சியாளர், நூல் பரிசோதகர், டிசைனர், சாய வேதியியலர், மெஷின் வடிவமைப்பாளர், மெர்ச்சண்டைசர், கப்பல் சரக்கு ஏஜெண்ட் என்று ஒரு பட்டாளமே இருக்கிறது. பின்னலாடைக்கென்றே நிஃப்ட்-டீ கல்லூரி 1997 முதல் நம் ஊரிலேயே இருக்கிறது. ஆனால் கை மடிக்கப் போன பையனுக்குத் தெரிவது அவன் முன்னால் ஓடும் ஒரு மெஷின் மட்டுமே!

எங்கே காட்டுவது?

தமிழக அரசு 2022ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தால் மேற்படிப்பு வழிகாட்டுதல் பள்ளிக்குள் வந்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் வகுப்பறையில் படிப்பின் பெயரைக் கேட்பது வேறு, அந்தப் படிப்பு உண்டாக்கிய பொருளைக் கண்ணெதிரே பார்ப்பது வேறு. பார்க்க வைக்கும் இடம் அருங்காட்சியகம். ‘செத்த காலேஜ்’ என்று கேலி பேசி நாம் ஒதுக்கிவிட்ட அதே இடம்தான்.

சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் கோவை இருக்கிறது. அவினாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடமும் ஜவுளி அருங்காட்சியகமும் உள்ளன. அந்தப் பெயருக்குரியவர், ஜவுளி ஆராய்ச்சிக்காக 1956ல் அமைந்த ‘சிட்ரா’ நிறுவனத்தின் முதல் இயக்குநர். துணியிலும் ஆராய்ச்சி உண்டு, அதற்கும் சம்பளமும் மரியாதையும் உண்டு என்பதை நம் பிள்ளை அங்கே அறிந்துகொள்வான்.

அதே சாலையில் ஜி.டி. நாயுடு அருங்காட்சியகம். 1893ல் பிறந்த அவர் பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காதவர். 1920ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துத் தொழில் தொடங்கி, பிறகு மின்சார ரேசர் முதல் ஓட்டுப் பதிவு மெஷின் வரை உருவாக்கிக் காட்டினார். ‘ரிப்பேர் செய்யத் தெரிந்தவன் ஏன் புதிதாக ஒன்றைச் செய்யக் கூடாது?’ என்ற கேள்வி நம் மெக்கானிக் பையன் மனதில் அங்கே விழும். ஆர்.எஸ். புரம் பக்கம் போனால் 1902ல் அமைந்த காஸ் வன அருங்காட்சியகம். வனத்துறை, மரவியல், பூச்சியியல் என்று நம் வீடுகளில் பேச்சே எழாத படிப்புகளின் வாசல் அது.

சென்னை போகிறவர்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். 1851ல் தொடங்கிய அங்கே தொல்லியல், நாணயவியல், தாவரவியல், விலங்கியல் என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. பழைய உலோகப் பொருள்கள் அரித்துப் போகாமல் காக்க 1930லேயே அங்கே வேதியியல் ஆய்வுக்கூடம் அமைத்துவிட்டார்கள். கெமிஸ்ட்ரி படித்தால் வாத்தியார் வேலைதான் என்று நினைக்கும் பிள்ளைக்கு இது ஒரு புதுச் செய்தி.

நம் நொய்யல் கரையிலேயே கொடுமணல் இருக்கிறது. 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் கல்மணி செய்த பட்டறைகளும், இரும்பு உருக்கிய உலைகளும், நூல் நூற்ற தக்களிகளும் வெளிப்பட்டன. கீழடியில் கிடைத்த தக்களிகளை 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் காணலாம். நூலும் வணிகமும் இந்த மண்ணுக்கு நேற்று வந்தவையல்ல என்பது ஒரு பாடம். மண்ணைத் தோண்டுபவர், எழுத்தைப் படிப்பவர், காலத்தைக் கணிப்பவர், படம் வரைபவர் என இத்தனை பேருக்கு அங்கே வேலை இருக்கிறது என்பது இன்னொரு பாடம்.

வளைகுடா சென்று திரும்பும் வழியில் இஸ்தான்புல் பார்க்கும் வசதி படைத்தோர் இப்போது நம்மில் உண்டு. அங்கே பேராசிரியர் ஃபுவாத் செஸ்கின் முயற்சியால் 2008ல் திறக்கப்பட்ட இஸ்லாமிய அறிவியல், தொழில்நுட்ப வரலாற்று அருங்காட்சியகம் இருக்கிறது. எட்டு நூற்றாண்டுகளுக்கு முன் அல்ஜஸரி எழுதி வைத்த இயந்திரங்களை அவர் குறிப்பின்படியே மீண்டும் செய்து வைத்திருக்கிறார்கள். முன்னோர் பெருமையைப் பேசிப் பொழுது போக்குவதற்காக அல்ல. ‘இதை எப்படிச் செய்தார்கள்?’ என்று பிள்ளைகள் கேட்பதற்காக.

எப்படிச் செய்வது?

ஐம்பது பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி, ஒரு மணி நேரம் ஓட விட்டு, பிரியாணிப் பொட்டலம் கொடுத்துத் திரும்பினால் அது சுற்றுலா. நமக்கு வேண்டியது அதுவல்ல. எட்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே அழைத்துப் போக வேண்டும். பத்தாவது முடிந்த பிறகு காலம் கடந்துவிடும். இருபது, முப்பது பேர் போதும். ஒவ்வொருவர் கையிலும் நான்கே கேள்விகள்: இந்தப் பொருளைச் செய்தவர் யார்? இதைப் பாதுகாக்கிறவர் யார்? இந்த வேலைக்கு இன்று என்ன பெயர்? அதற்கு என்ன படிக்க வேண்டும்? விடையை அங்குள்ள காப்பாளரிடமே கேட்கட்டும். கேட்கக் கூச்சப்படாத பழக்கமே வாழ்க்கைக்குப் பெரிய முதல்.

திரும்பி வந்த பிறகு அதே தொழிலில் இருப்பவர் ஒருவரை மஹல்லாவுக்கு அழைத்துப் பேச வையுங்கள். பெண் பிள்ளைகளைக் கட்டாயம் சேருங்கள். அவர்களை விட்டுவிட்டுப் போகும் பஸ் பாதி காலியாகப் போகும் பஸ்தான்.

செலவு? ஒரு நாள் பஸ் வாடகையும் சாப்பாடும்தான். ஒரு கல்யாணப் பந்தலின் சீரியல் லைட்டுக்குக் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள்! காதர்பேட்டை வியாபாரிகள் கடைக்கு இவ்வளவு என்று போட்டால் சுமை தெரியாது. ஜமாஅத் நிர்வாகிகள் ஜும்ஆவுக்குப் பிறகு ஓர் அறிவிப்புச் செய்தால் பெற்றோர் நம்பி அனுப்புவார்கள். இளைஞர்கள் பெயர் எழுதி, உடன் போய், பத்திரமாகத் திரும்ப அழைத்து வந்தால் போதும்.

வியாபாரப் பெருமக்களுக்கு இன்னொரு வேண்டுகோள். உங்கள் குடோன் மூலையில் கிடக்கும் பழைய நிட்டிங் மெஷினை எடைக்குப் போடாதீர்கள். பழைய லேபிள், பழைய பில் புத்தகம், முதல் ஏற்றுமதிக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் கண்காட்சியாக வைப்போம். மே 18 சர்வதேச அருங்காட்சியக தினம்; பள்ளி விடுமுறையும் அதுதான். அந்த மெஷினை ஓட்டிய பெரியவர்களே பிள்ளைகளுக்கு விளக்கட்டும்.

‘கம்பெனிக்குப் போனால் சனிக்கிழமை சம்பளம் கையில் வரும், அருங்காட்சியகம் சோறு போடுமா?’ என்று கேட்பவர்கள் உண்டு. கஷ்டத்தில் உள்ள குடும்பத்தின் நியாயமான கேள்வி அது. ஒரே நாளில் சோறு போடாது என்பது உண்மை. வீட்டுக் கஷ்டம் தீர உதவித்தொகையும் வேண்டும். அதையும் ஜமாஅத்துகள் தேடித் தர வேண்டும். ஆனால் பதினைந்து வயதில் வாங்கத் தொடங்கும் சனிக்கிழமைச் சம்பளம், ஆர்டர் குறைந்த வாரம் பாதியாகிறது. கண் மங்கிய வயதில் நின்றே போகிறது. அந்தப் பிள்ளை அதே பனியன் தொழிலுக்கே வரட்டும். ஆனால் வேறு வழி தெரியாமல் வராமல், எல்லாவற்றையும் பார்த்துத் தேர்ந்தெடுத்து வரட்டும்.

வரும் விடுமுறைக்குள் ராயபுரத்திலிருந்து ஒரே ஒரு பஸ் கோவைக்குக் கிளம்பட்டும். முதல் பஸ்ஸின் வாடகையை ஏற்றுக்கொள்ளும் வியாபாரி யார்? முதல் முப்பது பேரின் பெயரை எழுதும் இளைஞர் யார்? பொறுப்புள்ளோர் முன்வருவார்களாக!