கன்ஃபெஷன்ஸ்: பழி சென்றடையும் இடம்

தெட்சுயா நகஷிமாவின் 'கன்ஃபெஷன்ஸ்' (2010) திரைப்படத்தைக் குரோசவாவின் 'ரஷோமோன்' (1950) வரிசையில் வைக்கத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரஷோமோனில் ஒவ்வொரு வாக்குமூலமும் நிகழ்ந்ததையே மாற்றிவிடும். இங்கோ, தன் 4 வயது மகளைக் கொன்றவர்கள் இந்த வகுப்பில்தான் இருக்கிறார்கள் என்பதை ஆசிரியை மொரிகுச்சி தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். அவ்விரு மாணவர்களுக்கும் வயது 13. 14 நிறையாதவர்களை ஜப்பானியக் குற்றவியல் சட்டம் தண்டிப்பதில்லை. ஆகவே அவர்கள் குடித்த பாலில் எச்.ஐ.வி. கிருமியுள்ள இரத்தத்தைக் கலந்ததாக அமைதியாக அறிவிக்கிறார். அவ்வழியே நோய் தொற்றுவது அரிது. அச்சம் உடனே தொற்றிவிடுகிறது.

கதை அங்கேயே முடிந்திருந்தால் ஆசிரியையின் பக்கம் நின்று நிம்மதியாக எழுந்து போயிருப்போம். கனாயே மினாடோ தம் மூலநாவலில் (2008) அதற்கு இடங்கொடுக்கவில்லை. அடுத்தடுத்த குரல்களில் நவோகியுடைய தாயின் நாட்குறிப்பே என்னை மிகவும் அலைக்கழித்தது. மகன் நல்லவன், கூடாநட்பே அவனைக் கெடுத்தது என்று அவர் எழுதிக்கொண்டே போகிறார். அவனோ தன்னை நோயாளியென நம்பி, குளிக்காமல் அறைக்குள் அடைந்து கிடக்கிறான். குற்றவாளியை நோக்கி எய்த பழி, ஒன்றுமறியாத ஒருவரின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அந்தத் தாயின் கண்மூடித்தனமும் குற்றத்தில் பங்குடையதுதானே என்று கேட்கலாம். இருக்கலாம், தண்டனை அந்த அளவுக்கா?

நகஷிமாவின் மெதுவியக்க அழகுகள்தாம் உறுத்துகின்றன. மழைக்கும் இரத்தத்துக்கும் ஒரே ஒளியூட்டல். ஆனால் மொரிகுச்சியாக வரும் தகாகோ மட்சு, இரைச்சலிடும் வகுப்பறையில் ஒருமுறைகூடக் குரல் உயர்த்தாமல் பேசும் அந்தத் தொடக்கக் காட்சிக்கு எந்த அலங்காரமும் தேவைப்படவில்லை.