சீற்றத்திற்கு ஒரு நீதி, அச்சத்திற்கு ஒரு நீதியா?

ஆங்கிலச் சட்டத்தில் கொலைக்கு ஆயுள் தண்டனை கட்டாயம். தக்க காரணத்தால் தன்னடக்கம் இழந்து கொன்றவருக்குக் குற்றம் ஒரு படி குறையும். இச்சலுகை யாருக்கு? வலியவன் கணத்தில் சீறிக் கொல்வான். ஆண்டாண்டாக அடிபட்டவளோ அவன் உறங்கும் வரை அஞ்சிக் காத்திருப்பாள்.

1989-இல் கணவனுக்குத் தீயிட்ட கிரண்ஜித் அலுவாலியாவுக்கு இவ்வாதம் பயன்படவில்லை. 1992-இல் மனநலக் குறைவு என்ற வாதமே கைகொடுத்தது. 2009-ஆம் ஆண்டுச் சட்டம் ‘திடீரென’ என்னும் நிபந்தனையை நீக்கி, வன்முறை குறித்த அச்சத்தையும் காரணமாக ஏற்றது. நன்று! ஆயினும், சட்ட ஆணையம் 2006-இல் கைவிடச் சொல்லியும், தன்னடக்கம் இழந்தே தீரவேண்டும் என்பதைக் கைவிடவில்லை.

பழிவாங்குவோரை விலக்க அச்சட்டத்திலேயே தனி விதி உண்டு. பின் இந்நிபந்தனை எதற்கு? அச்சம் வெடிப்பதில்லை, அன்பர்களே, உறைகிறது. வெடித்தவனுக்கு இரக்கம், உறைந்தவளுக்கு ஆயுள் சிறை என்பது நீதியன்று.