அப்பா இல்லாத ஆல்பம்

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாய உலகம் இருக்கிறது. அதன் பெயர் 'வால்ட் டிஸ்னி வேர்ல்டு'.

1971-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி அதைத் திறந்தார்கள். இன்று அதற்குள் 4 பெரிய பூங்காக்கள். ராட்டினம் உண்டு. குகை உண்டு. ஊர்வலம் உண்டு. இரவில் வாண வேடிக்கை உண்டு. காலையில் உள்ளே போனால் நாள் பூராவும் நடைதான். தேர்த் திருவிழா போலக் கூட்டம்!

அங்கே ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம்.

ஒரு அப்பா. அவர் முதுகில் ஒரு மூட்டை. மூட்டைக்குள் 3 லென்சு. பறக்கும் யானை ராட்டினத்தில் அவருடைய மகள் உட்கார்ந்திருக்கிறாள்.

"அப்பா, இங்கே பாருங்க!" என்று கத்துகிறாள்.

அப்பா தரையில் குந்தியிருக்கிறார். ஒரு லென்சைக் கழற்றி, இன்னொன்றை மாட்டுகிறார். மாட்டி நிமிர்ந்தால், ராட்டினம் நின்று விட்டது. மகளும் இறங்கி விட்டாள்!

வீட்டுக்கு வந்து ஆல்பத்தைத் திறந்தால், கோட்டை இருக்கிறது. யானை இருக்கிறது. அம்மா இருக்கிறார். பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்பாவைக் காணோம்!

பத்து வருடம் கழித்து அந்தப் பெண், "அப்பா நம்மோடு வரவில்லையா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

ஒரு ஜூம் லென்சு. ஒரு குட்டி லென்சு. இந்த இரண்டும் போதும். மற்றதை எல்லாம் வீட்டில் வைத்துப் பூட்டி விட்டுப் போகலாம்.

எண்ணைப் படியுங்கள்

லென்சின் மேல் எண்கள் எழுதியிருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தால், கடைக்காரர் நீட்டுவதை எல்லாம் வாங்க வேண்டியதில்லை.

முதல் எண், மில்லி மீட்டர் கணக்கு. 18 என்றால் லென்சு அகலமாகப் பார்க்கும். கோட்டையும் அதன் முன்னால் நிற்கும் குடும்பமும் ஒரே படத்தில் வரும். அந்தக் கோட்டையின் உயரம் 189 அடி!

எண் ஏற ஏறப் பார்வை குறுகும். தூரத்தில் இருப்பது கிட்டே வரும். 135-க்குத் திருப்பினால், ஊர்வல வண்டியின் உச்சியில் நின்று கையாட்டும் இளவரசியின் முகம் தெரியும்.

குடும்பங்களில் பெரும்பாலும் இருக்கும் சாதாரண லென்சு மாற்றும் காமிராவுக்கு, '18-135' என்று எழுதிய ஒரு ஜூம் லென்சு போதும். பகல் முழுவதும் அதைக் கழற்றவே வேண்டாம்.

"சிங்கத்தை எடுக்க வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். அங்கே 'அனிமல் கிங்டம்' என்று ஒரு பூங்கா இருக்கிறது. 1998-ல் திறந்தது. திறந்த லாரியில் ஏற்றிக் கொண்டு போய் மிருகங்களைக் காட்டுவார்கள். ஒட்டகச்சிவிங்கி சில நேரம் லாரிக்குப் பக்கத்திலேயே வந்து விடும். சிங்கம் தூரத்தில், பாறை மேல் படுத்திருக்கும்.

அந்த ஒரு சிங்கத்துக்காக ஒன்றரைக் கிலோ லென்சைச் சுமக்கிறவர்கள் உண்டு. லாரி குலுங்குகிற குலுக்கலில் படம் ஆடிப் போனாலும் ஆச்சரியம் இல்லை. சிங்கம் சின்னதாக விழுந்தால் விழட்டும். தூங்கி விட்ட பிள்ளையை மாலையில் தூக்கி வரவும் அதே தோள்தான் வேண்டும்!

பேய் மாளிகை

இரண்டாவது எண், வெளிச்சக் கணக்கு. 1.8, 3.5, 5.6 என்று இருக்கும். இது தலைகீழ்க் கணக்கு. எண் சின்னதானால் துவாரம் பெரிது. வெளிச்சம் அதிகமாக உள்ளே போகும்.

ஜூம் லென்சை நீட்டினால் இந்த எண் 5.6-க்குப் போய் விடும். குட்டி லென்சில் 1.8 கிடைக்கும். வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம்!

பேய் மாளிகை, கடற்கொள்ளைக்காரர் குகை இரண்டிலும் ஒரே இருட்டு. பிளாஷ் போடக் கூடாது என்பது சட்டம். போட்டால் பேய் மறைந்து, வெறும் பொம்மைதான் படத்தில் வரும். பின்னால் இருப்பவர் வாயிலும் விழ வேண்டும்!

அங்கேதான் குட்டி லென்சு வேலை செய்யும். '35' என்று எழுதிய, 1.8 எண் உள்ள லென்சு நல்லது. 200 கிராம் எடையில் கிடைக்கிறது. சட்டைப் பையில் போட்டுக் கொள்ளலாம். அதிலும் பாதிப் படம் ஆடித்தான் வரும். மீதிப் பாதி போதும்.

வாண வேடிக்கைக்கு என்று பெரிய முக்காலி கொண்டு போனால், வாசலிலேயே நிறுத்தி விடுவார்கள். செல்பி குச்சிக்கு 2015 முதல் தடை. வாணத்தின் படம் எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் இருக்கும். அந்த வெளிச்சம் விழுகிற பிள்ளையின் முகத்தை எடுப்பது மேல்!

"போன் போதாதா?" என்றால், பகலுக்குத் தாராளமாகப் போதும். கடன் வாங்கி லென்சு வாங்குவது வீண் வேலை.

ஆவி படியும்

புளோரிடாவில் கோடையில் புழுக்கம் அதிகம். ஏ.சி. அறையில் குளிர்ந்திருந்த காமிராவை வெளியே எடுத்த உடனே லென்சில் ஆவி படியும். துடைத்தாலும் மறுபடியும் படியும். பையை மூடியபடியே கொண்டு வந்து, அரை மணி நேரம் விட்டுத் திறந்தால் சரியாகி விடும். மத்தியானம் திடீர் என்று இடி மழை வரும். ஒரு பிளாஸ்டிக் பை அவசியம்.

காமிராவை அம்மாவும் பிடிக்க வேண்டும். "அவளுக்குத் தெரியாது" என்று சொல்கிற கணவர்கள் பெரும்பாலும் அதை அவர் கையில் கொடுத்துப் பார்க்காதவர்கள்.

மிருகப் பூங்காவில் 'காளி' என்று ஒரு ஆற்றுப் படகுச் சவாரி இருக்கிறது. ஏறினால் தொப்பலாக நனையலாம். காமிராவோடு யாராவது ஒருவர் கரையில் நிற்க வேண்டும்.

அம்மா கரையில் நிற்கட்டும். அப்பா பிள்ளைகளோடு நனையட்டும். அடுத்த படகில் அம்மா ஏறிக் கொள்ளலாம்.