இருகிளை மரமும் நம் யாப்பும்



“கணினி நிரலாக்கத்தைத் தமிழில் கற்பிக்க இயலுமா, ஐயா?” ஜார்ஜ்டவுனில் பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் வினா இது. 2003-ஆம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டன. அக்கொள்கை பின்னர் கைவிடப்பட்டது. அது விதைத்த ஐயமோ இன்னும் அகலவில்லை. இயலும் என்பதே என் விடை.

மாணவர் அஞ்சும் ஒன்றையே சான்றாகக் கொள்வோம். ஒவ்வொரு கணுவிலிருந்தும் இரண்டுக்கு மேற்படாத கிளைகள் பிரியும் அமைப்பே இருகிளை மரம். அதன் கணக்குகளைத் தீர்க்கப் பெரிதும் பயன்படுவது ‘ரிகர்ஷன்’. ஒரு செயல்முறை தன்னையே மீண்டும் அழைப்பதால் நான் அதனைத் ‘தன்னழைப்பு’ என்கிறேன்.

இம்மரம் நமக்குப் புதியதன்று. அசை நேர், நிரை என இரண்டு. ஓரசைச்சீர் 2: நாள், மலர். ‘நாள்’ என்பதிலிருந்து தேமாவும் கூவிளமும், ‘மலர்’ என்பதிலிருந்து புளிமாவும் கருவிளமும் கிளைக்கின்றன. அவை ஒவ்வொன்றும் காய், கனி எனப் பிரிய மூவசைச்சீர் 8. மேலும் பிரிய நாலசைச்சீர் 16. ஆக 30. இலக்கண நூலார் கணினியை அறியார். ஆயினும் அவர்தம் வகைப்பாடு முழுமையான இருகிளை மரமாகவே நிற்கிறது.

ஒருமுறை ஏழு மாணவரை இவ்வாறே நிறுத்தினேன்: மேலே ஒருவர், நடுவில் இருவர், கீழே நால்வர். “உங்களுக்குக் கீழுள்ள இருவரிடமும் எண்ணிக்கை கேளுங்கள், அவற்றைக் கூட்டி உங்களுக்காக ஒன்றைச் சேர்த்து மேலே சொல்லுங்கள்” என்றேன். ஆட்டம் நின்றுபோயிற்று. கடைசி வரிசைச் சிறுமி, “எனக்குக் கீழே யாருமில்லையே, ஐயா. நான் யாரைக் கேட்பது?” என்றாள்.

பிழை என்னுடையது, நிற்கும் விதியை நான் சொல்லவில்லை. “கீழே எவரும் இல்லையெனில் ஒன்று என்று சொல்” என்றவுடன் நடுவரிசை மூன்று என்றது. உச்சியில் நின்றவன் ஏழு என்றான். சீர்களையும் அவ்வாறே எண்ணலாம்: ‘நாள்’ பக்கம் 15, ‘மலர்’ பக்கம் 15. தன்னழைப்பின் உயிர்நாடி அந்த நிற்கும் விதியே. அதனை மறந்தால் நிரல் முடிவின்றித் தன்னை அழைத்து, நினைவகம் நிரம்பி முறிந்துவிடும். அச்சிறுமி அதனைத் தமிழில் சிந்தித்தே கண்டறிந்தாள்.

நிரல்மொழியின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் உள்ளன என்பது உண்மையே. அவற்றைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவை சில நூறு சொற்களைத் தாண்டா, பயிற்சியில் படிந்துவிடும். கடினமானது சிந்தனை முறையே. 2017 முதல் நம் நாட்டுக் கலைத்திட்டத்தில் கணினிவழிச் சிந்தனை இடம்பெற்றுள்ளது. அதனைத் தாய்மொழியில் ஊன்றிவிட்டுப் பின்னர் ஆங்கிலச் சொல்லைச் சேர்ப்பதே தக்க முறை.

பெற்றோரே, தமிழ்ப்பள்ளியில் பயின்றால் பிள்ளை கணினியில் பின்தங்கும் என்று அஞ்சாதீர்கள். ஆசிரியரே, நம் இலக்கண வகுப்பிலிருந்தே நிரல் வகுப்பைத் தொடங்கலாம். சிந்திப்போம், செயல்படுவோம்.