மதிப்பெண் வாசலில், ஆராய்ச்சி உள்ளே

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வீடுகளில் ஒரு கேள்வி எழுகிறது. பிள்ளைக்கு டாக்டராக ஆசை, நீட் பயிற்சிக்குப் பணமும் கட்டியாயிற்று. கூடவே ஏதாவது ஆராய்ச்சி அனுபவமும் இருந்தால் நல்லது என்கிறார்களே, அதற்கும் அனுப்பலாமா? அமெரிக்காவில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் பெரும்பாலும் இந்தக் கேள்வி வருகிறது. அங்கே மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் மாணவர் மதிப்பெண்ணோடு ஆய்வகத்தில் வேலை பார்த்ததையும் காட்டுகிறார். நம் ஊரில் அதற்கு இடமே இல்லை. நீட்டில் 180 கேள்விகள், 720 மதிப்பெண், அதில் சரிபாதி உயிரியல். சரியான விடைக்கு நான்கு, தவறுக்கு ஒன்று கழிவு. கடைசியில் கையில் வருவது ஒரு தரவரிசை எண். நீட் வருவதற்கு முன்பும் நிலைமை வேறாக இல்லை. நுழைவுத் தேர்வை ரத்து செய்தபின் 2016 வரை தமிழ்நாட்டில் நடந்ததும் 200க்கு எவ்வளவு என்ற பிளஸ் டூ கட்-ஆஃப்தான். எந்த எண் நியாயமானது என்பதில் தமிழ்நாட்டுக்கும் டெல்லிக்கும் உள்ள வழக்கு பெரியது, அது தனியாகப் பேச வேண்டியது. எந்த எண்ணாக இருந்தாலும் வாசலில் எண் மட்டும் நிற்பது சரி, ஆராய்ச்சியை அங்கே கொண்டுபோய் நிறுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதன் இடம் வாசலைத் தாண்டி உள்ளே இருக்கிறது. அந்த இடத்தைத்தான் நாம் பாழாக விட்டிருக்கிறோம்.

ஆராய்ச்சி அனுபவத்துக்கும் சேர்க்கையில் மதிப்பெண் உண்டு என்று நாளைக்கே அரசு அறிவித்தால் என்ன நடக்கும்? அடையாற்றில் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் புற்றுநோய் மருத்துவமனையும் ஐ.ஐ.டி.யும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. அங்கே பணிபுரியும் சித்தப்பாவோ குடும்ப நண்பரோ உள்ள பிள்ளைக்குக் கோடை விடுமுறையில் ஓர் ஆய்வகத்தின் கதவு திறக்கும். செங்கம் அரசுப் பள்ளியில் படிக்கும் பெண்ணுக்கு அது எங்கே திறக்கும்? எண் ஒன்றே பேசும் இன்றைய முறையிலேயே அரசுப் பள்ளிப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும்படிதான் மருத்துவக் கல்லூரிக்குள் போனார்கள். அதனால்தான் 2020இல் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு கொண்டுவர வேண்டிவந்தது. அதன்மேல் ஆராய்ச்சி என்ற இன்னொரு பூட்டைப் போடுவது அநியாயம். அமெரிக்காவில் அது எப்படி விலைபோகிறது என்பதை 2023இல் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் விரிவாக எழுதியது. கல்லூரி இடத்துக்காகப் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வழிகாட்டி பிடித்து, தங்கள் பெயரில் ஆய்வுக் கட்டுரை வெளியிடுகிறார்கள். அங்கே மருத்துவப் படிப்புக்குப் போகிறவர்களாவது பட்டப்படிப்பை முடித்த, இருபது வயது தாண்டியவர்கள். நம் பிள்ளைகளுக்குப் பதினேழு வயது. அந்த வயதில் ஆராய்ச்சிச் சான்றிதழ் கேட்டால் அதைத் தயாரித்துக் கொடுக்கும் கடைகள் தியாகராய நகரில் ஒரே வருடத்தில் முளைத்துவிடும்.

இதற்கு எதிராக வேலூரைக் காட்டுவார்கள், அது கனமான வாதம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பல பத்தாண்டுகளாக எழுத்துத் தேர்வோடு நிற்காமல், மாணவர்களை நேரில் வரவழைத்து, குழுவாக வேலை கொடுத்துப் பார்த்து, பேசிப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டது. 2017இல் நீட் கட்டாயமானபோது அந்த முறையை விட மனமில்லாமல், நூறு எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒன்றே ஒன்றை மட்டும் நிரப்பியது. 2020 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம், சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. அந்தக் கல்லூரியிலிருந்து கிராமங்களுக்குப் போய் வேலை பார்த்த மருத்துவர்களை நினைத்தால், அந்தப் பழைய முறை நல்ல முறைதான் என்று சொல்லத் தயங்க மாட்டேன். ஆனால் நூறு இடங்களுக்கு ஆசிரியர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்து பார்த்தது அது. லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வில் அதற்கு வழியில்லை. அவர்கள் தேடியதும் ஆராய்ச்சிப் பட்டியலை இல்லை, மனிதர்களோடு சேர்ந்து வேலை செய்யும் குணத்தை. எண் துல்லியமானது என்று நான் வாதாடவில்லை. 2024இல் முதலில் 67 பேர் 720க்கு 720 என்றார்கள், திருத்திய பட்டியலில் அது 17 ஆயிற்று. 700 வாங்கியவர் 690 வாங்கியவரைவிட நல்ல மருத்துவராவார் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆனாலும் அந்தக் குறை எல்லோருக்கும் பொதுவான குறை. சிபாரிசால் வரும் குறை அப்படிப் பொதுவாக விழாது.

மதிப்பெண் மனிதரை அளக்காது என்பதற்குச் சென்னை கொடுத்த சாட்சி எல்லப்பிரகத சுப்பாராவ். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தி அறுவைச் சிகிச்சை அறைக்குப் போனதால் பேராசிரியர் பிராட்ஃபீல்டின் கோபத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். 1923இல் அமெரிக்கா போனவர், ரத்தத்தில் பாஸ்பரசை அளக்கும் முறையை ஃபிஸ்க் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து கண்டறிந்தார். பிறகு லெடர்லி ஆய்வகத்தில் அவர் நடத்திய குழுவிலிருந்து ஃபோலிக் அமிலத் தயாரிப்பும், யானைக்கால் நோய்க்கான மாத்திரையும், புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டும் வந்தன. இந்தக் கதையை நம் வீடுகளில் பாதிதான் சொல்கிறார்கள்: மார்க் வராவிட்டாலும் மேதையாகலாம் என்று. மற்ற பாதி கசப்பானது. அவரிடம் இருந்த திறமைக்கு அன்றைய சென்னையில் ஆய்வகம் இல்லை, அதனால் கடல் கடந்தார். ஒரு பையன் தோற்றபின்னும் நிமிர்ந்தான் என்பதைவிட, நிமிர இடம் கொடுக்காத ஊர் என்பதுதான் எனக்கு முக்கியமான செய்தியாகப் படுகிறது.

அப்படியானால் பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஆராய்ச்சியே வேண்டாமா? வேண்டும். அது பள்ளியிலேயே இருக்கிறது, அதன் பெயர் பிராக்டிகல். பிளஸ் டூ உயிரியலில் வெங்காய வேர் நுனிச் சோதனை ஒன்று உண்டு. வெங்காயத்தைத் தண்ணீர்மேல் வைத்து வேர்விடச் செய்து, நுனியைக் கிள்ளி, அமிலத்தில் இளக்கி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து மேலே கவர்சிலிப் போட்டு, ஒற்றுத்தாளைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். நுண்ணோக்கியில் பார்த்தால் பாடப்புத்தகத்தில் உள்ளதுபோல நான்கு நிலைகளும் வரிசையாக நிற்காது. பெரும்பாலான செல்கள் பிரியாமல் சும்மா இருக்கும். எங்கோ ஒன்றிரண்டில் குரோமோசோம்கள் நடுக்கோட்டில் நிற்கும், சில ஒன்றன்மேல் ஒன்று நசுங்கிக் கிடக்கும். ஆனால் ரெக்கார்டு நோட்டில் வரையப்படுவது புத்தகத்துப் படம், பென்சிலில் அழகாக, நான்கு நிலைகளும். கண்ணில் பட்டதை வரைந்த பிள்ளைக்குத் திட்டு, புத்தகத்தைப் பார்த்து வரைந்த பிள்ளைக்கு முழு மதிப்பெண். பார்த்ததை எழுதாமல் எதிர்பார்த்ததை எழுதும் பழக்கம் இங்கே தொடங்குகிறது. பிற்காலத்தில் நோயாளியின் கேஸ் ஷீட்டில் பார்க்காத அறிகுறியை எழுதும் கைக்கும் இந்தப் பயிற்சிதான் முதல் பயிற்சி. நீட்டுக்காகப் பெயரளவில் மட்டும் ஒரு பள்ளியில் சேர்ந்து முழு நாளும் பயிற்சி மையத்தில் இருக்கும் பிள்ளைக்கு இந்த வெங்காயம்கூடக் கிடையாது. எனவே பெற்றோருக்கு நான் சொல்வது: இரண்டு வருடம் மதிப்பெண்ணுக்குப் படிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாரத்தில் இரண்டு மணி நேர பிராக்டிகலை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கோடை ஆய்வகச் சான்றிதழைவிட அது பெரிது.

உள்ளே போனபின் ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1986 சான்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுகலை மாணவி செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆய்வேடு எழுதத் தலைப்பு வேண்டியிருந்தது. பேராசிரியர் சுனிதி சாலமன், எய்ட்ஸ் கிருமி இங்கே இருக்கிறதா என்று தேடச் சொன்னார். மும்பையில் இல்லாதது சென்னையிலா என்று மற்றவர்கள் நம்பவில்லை. நிர்மலா பெண்களிடமிருந்து 80க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வைக்க வசதி இல்லாமல் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தார். பரிசோதிக்கும் கருவி சென்னையில் இல்லாததால் வேலூரில் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்துக்கு ரயிலில் கொண்டுபோனார்கள். ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அன்றுதான் தெரிந்தது. தேர்வுக்காகக் கட்டாயமாக எழுதவேண்டிய ஓர் ஆய்வேடு அது. கட்டாயம் என்றாலும், உண்மையான கேள்வியைக் கையில் கொடுக்க ஓர் ஆசிரியர் இருந்தார். மதிப்பெண்ணும் ஆராய்ச்சியும் அங்கே ஒன்றையொன்று தின்னவில்லை.

அப்படிப்பட்ட ஆசிரியர்கள் எத்தனை கல்லூரிகளில் இருக்கிறார்கள்? சமிரன் நந்தியும் அவருடன் இருந்தவர்களும் 2016இல் வெளியிட்ட கணக்கில், இந்தியாவின் 579 மருத்துவக் கல்வி நிறுவனங்களில் 332, பத்தாண்டுகளில் ஓர் ஆய்வுக் கட்டுரைகூட வெளியிடவில்லை. எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்காக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979 முதல் இரண்டு மாத உதவித்தொகைத் திட்டம் நடத்துகிறது. அருமையான திட்டம். ஆனால் மூன்றாம் ஆண்டு வந்ததும் மாணவர் கண்ணில் தெரிவது நீட் பி.ஜி.: மறுபடியும் ஒரே தேர்வு, ஒரே எண். விடுதி அறையில் கேள்வி வங்கிச் செயலி திறந்திருக்கிறது, வார்டு காலியாக இருக்கிறது. பி.ஜி. சேர்க்கையிலாவது ஆராய்ச்சிக்கு மதிப்பெண் கொடுக்கலாமே என்பார்கள். அதற்கும் நான் அஞ்சுகிறேன். அமெரிக்காவில் உரிமத் தேர்வின் முதல் படியை 2022 ஜனவரியில் மதிப்பெண் இல்லாத தேர்ச்சித் தேர்வாக்கினார்கள். போட்டி மிகுந்த துறைகளில் அந்தப் போட்டி கட்டுரை எண்ணிக்கையின் பக்கம் சாய்கிறது. நம் நாட்டில் பதவி உயர்வுக்குக் கட்டுரை கேட்டதன் விளைவையும் பார்த்தோம். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களில் எழுதியவர்களை 2017இல் ஆராய்ந்தபோது, அதிகம் பேர் இந்தியாவிலிருந்துதான். எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் கிடைக்கும். நேரத்தைக் கொடுப்பதே வழி. 2019 பாடத்திட்டம் விருப்பப் பயிற்சிக்கு இரண்டு மாதம் ஒதுக்கி, அதில் ஒரு பகுதியை ஆய்வகத்துக்கோ ஆய்வாளரிடமோ செலவிடச் சொன்னது. அந்த நேரத்தைக் காப்பாற்ற வேண்டும்.

சாதாரண டாக்டருக்கு ஆராய்ச்சி எதற்கு, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தால் போதாதா என்ற கேள்வியும் உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் 193 நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை வீட்டிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959இல் வந்த முடிவு: நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், வீட்டாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. கட்டில் கிடைக்காமல் காத்திருந்தவர்களுக்கு உலகெங்கும் வீட்டிலேயே வைத்தியம் கிடைத்தது இந்த ஆய்வால்தான். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980களிலிருந்து நடத்தும் பதிவேடு இல்லையென்றால், இந்த நகரத்துப் பெண்களிடம் எந்தப் புற்றுநோய் குறைகிறது, எது கூடுகிறது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. இதைச் செய்தவர்கள் நோயாளியைப் பார்த்துக்கொண்டே கேள்வியும் கேட்டவர்கள்.

ஆகவே கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் நாளில் பெற்றோர் கட்டணத்தோடும் விடுதியோடும் இன்னும் இரண்டு விவரங்களைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். சென்ற ஆண்டு அந்தக் கல்லூரியிலிருந்து எத்தனை எம்.பி.பி.எஸ். மாணவர்கள் ஆராய்ச்சிக் கழகத்தின் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார்கள்? அவர்களுக்கு வழிகாட்டிய ஆசிரியர்கள் எந்தத் துறையில் இருக்கிறார்கள்?